விளக்கில் தெரிந்த விரல்கள்

பழைய காகிதத்தைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெயில் படக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது, கண்ட கண்ட கை படக்கூடாது. இவற்றைக் கவனித்துக்கொண்டால் மலிவான தாளில் அச்சடித்த சுவரொட்டிகூட நம்மைவிட அதிக நாள் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அடுத்த நிமிடமே காப்பிக் கோப்பையோடு படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

நீங்கள் கேட்பது காகிதத்தைப் பற்றி இல்லை, என் மனைவி நிருபமா எப்படி இறந்தாள் என்பதைப் பற்றி என்று தெரியும். என் சுவரொட்டிகள் இருந்த நிலவறையில்தான் இறந்தாள். அவளாக உள்ளே போனாள், கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று போன வாரம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று போலீஸ் அதிகாரி அம்மா சொல்லிவிட்டதால் சுவரொட்டிகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தமிழில் சொல்கிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும், கடைக்கு என் ஜெர்மன் போதும். ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரு சொல்கூடத் தடம் மாறிவிடக்கூடாது. மொழிபெயர்ப்பவர் யோகம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக ஜெர்மனிக்கு வந்து நியூரம்பெர்க்கில் தங்கிவிட்டவர். உட்கார்ந்ததுமே, "தம்பி, ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் ஒண்டையும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. என் பொருளையும் என் சொல்லையும் யார் கையாள்கிறார்கள் என்பதில் நான் கொஞ்சம் கறாரானவன்.

என் பெயர் சந்திரசேகரன். சொந்த ஊர் திருச்சி. எர்லாங்கன் நகரத்தில் பொறியாளராக இருக்கிறேன், சைக்கிளில் வேலைக்குப் போகிறேன், மாலையில் நேராக வீட்டுக்குத் திரும்புகிறேன். குடி கிடையாது. அடுத்தவர் வம்புக்குப் போகிற பழக்கமும் கிடையாது. எனக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்தச் சுவரொட்டிகள்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் எல்லாரும் சண்டைக்குப் போய்விட, பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைத்து அரசாங்கங்கள் அச்சடித்து ஒட்டியவை.

முதல் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் பார்த்தேன். கடைசல் இயந்திரத்தின் முன்னால் தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். எனக்குச் சட்டென்று நிருபமாதான் ஞாபகத்துக்கு வந்தாள். அவளை நான் முதலில் பார்த்ததே திருச்சியில் ஒரு பட்டறையில்தான். கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே, கூந்தலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் மைக்ரோமீட்டரோடு நின்றாள். தர ஆய்வாளர். எங்கள் கம்பெனி அனுப்பிய சரக்கு முழுவதையும் அளவு சரியில்லை என்று திருப்பிவிட்டாள். சண்டை போடப் போனவன் பெண் கேட்டுவிட்டு வந்தேன். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டு என்னோடு இங்கே வந்தாள். நான் சொன்னேன், விட்டாள். கட்டாயம் எதுவும் இல்லை.

பிறகு படங்கள் சேர்ந்தன. அமெரிக்காவுடையவை, இங்கிலாந்துடையவை, இந்த நாட்டுடையவை. எதிரெதிராகச் சண்டை போட்ட நாடுகள், பெண்கள் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அச்சு. சுருட்டிவிட்ட சட்டைக்கை, சிவந்த உதடு, நம்மைத் தாண்டி எங்கேயோ பார்க்கும் கண். இந்த நாட்டுப் படங்கள் சிலவற்றில் அந்தக் காலத்து நாஜிக் கட்சிச் சின்னம் இருக்கும். அதை வெளியே காட்டி விற்கக்கூடாது என்பதால் வியாபாரிகள் சின்னதாக ஒரு தாளை ஒட்டி மறைத்துவிடுவார்கள். வாங்கி வந்த பிறகும் நான் அந்தத் தாளைப் பிரித்ததில்லை. சட்டத்தை மதிக்கிறவன் நான்.

போர் முடிந்ததும் அதே அரசாங்கங்கள் அந்தப் பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னன. போனார்கள். கூப்பிட்டபோது வந்து, போகச் சொன்னபோது போன அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிழக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து பூட்டிவைத்து வேலை வாங்கப்பட்ட பெண்களும் அந்தத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள், அவர்களுக்கு யாரும் படம் அச்சடிக்கவில்லை என்று அதிகாரி அம்மா நேற்றுச் சொன்னார். இருக்கலாம். படத்தில் இருக்கிறவர்களைத்தான் நான் சேர்க்கிறேன்.

நாங்கள் குடியிருந்தது போருக்குச் சற்று முன்பு கட்டிய வீடு. மாடியில் வீட்டுக்காரர் பீலிக்ஸ், தரைத்தளத்தில் நாங்கள். கீழே நிலவறையில், குண்டுவீச்சின்போது ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய அறை ஒன்று இருந்தது. கனமான இரும்புக் கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே விஷப் புகையே சூழ்ந்தாலும் உள்ளே துளி புகாது என்று பீலிக்ஸ் பெருமையாகக் காட்டினார். காகிதத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா. அவர் அங்கே போட்டிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை எடுத்துக்கொண்டார், நான் என் பெண்களைக் குடிவைத்தேன்.

தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கீழே போவேன். ஆரம்பத்தில் நிருபமாவும் கூட வருவாள். ஆனால் அவளுக்குப் படங்களிடம் மரியாதை போதாது. "இந்தம்மா லேத்தைப் பிடிச்சிருக்கற லட்சணத்தைப் பாருங்க, வெரலு போயிடும்" என்று சிரிப்பாள். ஒருமுறை நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவள் கீழே வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ வசந்தத்தில் அவள் ஜெர்மன் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். தப்பில்லை, நான்தான் பணம் கட்டினேன். நியூரம்பெர்க் கோயிலில் தேனுஜா என்ற பெண்ணோடு பழக்கமாகிவிட்டது. பெற்றோர் யாழ்ப்பாணம், பெண் பிறந்தது இங்கே. பல்சக்கரம் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். நிருபமாவின் பழைய வேலையைப் பற்றி முதலாளியிடம் சொல்லி அவள் வழி பண்ணியும் வைத்துவிட்டாள்.

ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே நிருபமா பேச்சை எடுத்தாள். "ஏங்க, ட்ரையல் ஒரு வாரம்தான். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா பர்மிட்டுக்கு அவங்களே எழுதித் தர்றாங்களாம். போய்ட்டு வரட்டுமா?"

"இப்ப யுத்தம் ஒண்ணும் நடக்கலையே" என்றேன்.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பெண் கேட்பதை நிறுத்திவிட்டால் வேறு ஏதோ வழி பார்த்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். அந்த வாரமே ஒரு மழை நாளில் நான் வீடு திரும்பும்போது தெருமுனையில் ஒரு கார் திரும்பிப் போனது. தேனுஜாவின் அண்ணன் மதீசன், நிருபமா நனையக்கூடாதே என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறானாம். உள்ளே வரவில்லை என்றாள். வாசல் மிதியடி ஈரமாக இருந்தது. அது தன் கால் ஈரம்தான் என்றாள்.

அதே சமயத்தில்தான் அந்த விளக்கை வாங்கினேன். அசல் என்று ஒருவன் என் தலையில் ஒரு போலிப் படத்தைக் கட்டிவிட்டான். அதன்பிறகு சேகரிப்பாளர்கள் எல்லாரும் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்றை நானும் வாங்கினேன். இருட்டில் அதைக் காட்டினால் பழைய தாள் மங்கலாகவே கிடக்கும், இந்தக் காலத்துத் தாள் நீல வெள்ளையாக ஒளிவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு படமாக எடுத்துச் சோதித்தேன். எல்லாம் அசல். ஆனால் ஓரங்களில் வேறு ஒன்று தெரிந்தது. பச்சை கலந்த மஞ்சளில், பளிச்சென்று, விரல் அடையாளங்கள்.

நான் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் படங்களை எடுப்பேன். ஆகவே இது வேறு கை. அது என்ன கறை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கொண்டுவந்து தாளில் தேய்த்து விளக்கைக் காட்டினேன். அச்சாக அதே நிறம். எங்கள் தெருவில் மஞ்சள் புழங்குகிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். எனக்கு வருத்தமாக இருந்தது. பொய் சொல்கிறவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு களைப்பான காரியம் என்று இந்த வேலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததில்லை.

கேட்டேன். தான் கீழே போயே எத்தனையோ மாசமாகிறது, தனக்கு எதற்கு அதெல்லாம் என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் சத்தம் போடவில்லை. கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கீழே போய்ப் பார்த்தால் இன்னொரு படத்தில் புதிதாக விரல் அடையாளம். சரி, கள்ளச்சாவி இருக்கிறது என்று பூட்டையே மாற்றினேன். அப்போதும் வந்தது. கதவு இடுக்கில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனேன். மாலையில் நூல் கட்டியபடியே இருந்தது, உள்ளே ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கைக் காட்டினால் அதிலும் கறை. கட்டிய நூலை அவிழ்த்துவிட்டுத் திரும்ப அதேபோலக் கட்டத் தெரிந்த ஆள் என்று புரிந்துகொண்டேன். நிருபமாவின் கை அவ்வளவு நுணுக்கமானது, எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாக இருந்தேன் என்றே சொல்லலாம். ஜெர்மன் வகுப்பு நின்றது. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டேன், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரம் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். கோடை முழுவதும் அப்படியே போய்விட்டது. உலகக் கோப்பை நடந்த கோடை அது. தெருவெல்லாம் கொடி, கூச்சல். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் பொழுது போயிற்று. தேனுஜா வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனதாகப் பீலிக்ஸ் சொன்னார். என் மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். யோகம் அக்கா, என்னை அப்படிப் பார்க்காதீர்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் இதைவிட மோசமாகத்தான் இருக்கிறார்கள்.

வீட்டையே பூட்டிய பிறகும் கறைகள் நிற்கவில்லை. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சாவி என் பையில், அவள் உள்ளே, ஆனாலும் கறை வருகிறது என்றால் சாவியோடு வேறு ஒருவர் வந்து போகிறார். அந்தக் கையிலும் மஞ்சள் இருக்கிறது என்றால் அது தமிழ்க் கை. எனக்குத் தெரிந்து மதீசனைத் தவிர வேறு யார்? படத்தைப் பார்க்க அவன் வந்திருக்கமாட்டான். அவளைப் பார்க்க வந்தவன் பொழுதுபோக்காக என் படங்களையும் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

அவளிடம் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டே வந்தேன். யார் என்று மட்டும் சொல், போதும் என்றேன். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த லைட்டை ஒரு தடவை உங்க கைமேல காட்டிப் பாருங்க" என்றாள். மாட்டிக்கொண்டவர்கள் பழியைத் திருப்பிப் போடுவது எங்கும் நடப்பதுதான். கை கழுவிவிட்டுக் கீழே போய்விட்டேன்.

அக்டோபரில் லைப்சிக்கில் ஓர் ஏலம் வந்தது. நான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த படம். கூந்தலைத் துணியால் கட்டிக்கொண்டு, மைக்ரோமீட்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்க்கிற பெண். வெள்ளிக்கிழமை காலையில் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப முடியும். அதுவரைக்கும் வீட்டையும் அவளையும் எந்த நம்பிக்கையில் விட்டுவிட்டுப் போவது? புறப்படுவதற்கு முன்னால், ஒரு படத்தை இறக்க வேண்டும், வந்து பிடித்துக்கொள் என்று கூப்பிட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே தண்ணீர், ரொட்டி, போர்வை, வாளி எல்லாம் ஏற்கெனவே வைத்திருந்தேன். அறை விளக்கையும் அணைக்கவில்லை. அவற்றைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடப் பார்க்கவில்லை. திமிறவும் இல்லை.

"நான் வர்றவரைக்கும் யோசிச்சு வை. யாருன்னு சொன்னாப் போதும்" என்றேன்.

"யாருமே இல்லைன்னா நான் என்னங்க சொல்றது?"

கதவைச் சாத்தி வெளிப்பக்கத்துப் பிடிகளைத் திருப்பிப் பூட்டு போட்டேன். உள்பக்கத்துப் பிடிகள் படம் மாட்ட இடைஞ்சலாக இருந்ததால் அவற்றை முன்பே கழற்றியிருந்தேன். ஆகவே திருத்தம் இதுதான்: கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. நான் சாத்தினேன்.

ஏலத்தில் படம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே போய்க் கதவைத் திறந்தேன். முதலில் முகத்தில் அடித்தது ஈரம்தான். படங்களுக்காக நான் அங்கே மாட்டியிருந்த ஈரமானியின் முள் நான் ஒருநாளும் பார்க்காத இடத்தில் நின்றது. நாலைந்து படங்கள் அலை அலையாகச் சுருங்கியிருந்தன. ஓர் ஆள் மூச்சில் அவ்வளவு ஈரம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிருபமா எதிர்ச் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

அந்தச் சுவரில், உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடுவதற்காக அந்தக் காலத்தில் வைத்த காற்றுக் குழாய் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் வழியாக ஈரம் ஏறுகிறதென்று நான் ஒரு முழ ஆழத்துக்குச் சாந்து வைத்து அடைத்திருந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். அலமாரி இழுப்பறையின் பித்தளைப் பிடியைக் கழற்றி, தரையில் தீட்டிக் கூராக்கி, என் இரும்பு அளவுகோலால் முட்டுக் கொடுத்து, பாதிக்கு மேல் குடைந்திருந்தாள். ஓரம் சிதறவில்லை, வட்டம் பிசகவில்லை. குடைந்த தூளைக்கூட ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருந்தாள். திருச்சிக்குப் பிறகு அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. நல்ல வேலைப்பாடு. இன்னும் அரை நாள் மூச்சு தாங்கியிருந்தால் முடித்திருப்பாள்.

ஆம்புலன்சைக் கூப்பிடுவதற்கு முன்னால் படங்களை எல்லாம் மேலே கொண்டுபோய் வைத்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. ஏன் தாமதம் என்று கேட்டீர்கள், அதுதான் காரணம். அவளுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

முந்தாநாள் நடந்ததைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். படங்களில் இருந்த மஞ்சள் கறைகளை நீங்களே ஆராயுங்கள், அந்த ஆளைப் பிடித்துவிடலாம் என்று நான்தான் வற்புறுத்தினேன். உங்கள் ஆய்வகத்திலிருந்து தகவல் வந்ததும் அதிகாரி அம்மா என்னவோ கேட்டார். யோகம் அக்கா மொழிபெயர்ப்பதற்கு முன்னால் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "தம்பி, நீங்கள் எந்தக் கையாலை சாப்பிடுறனீங்கள் எண்டு கேக்கினம்" என்றார்.

வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"நாங்களும் அப்பிடித்தானே" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எவ்வளவு கழுவினாலும் போகாது. நகத்துக்குள்ளை நிக்கும்."

எல்லாக் கறைகளும் என் கட்டைவிரல், என் ஆள்காட்டிவிரல். வேறு யாருடையதும் இல்லை. நான் கையுறை போடுவது உண்மை. ஆனால் தாள் பதமாக இருக்கிறதா, உலர்ந்து நொறுங்குகிறதா என்று துணி வழியாகத் தெரியாது. அதற்கு வலது கையுறையைக் கழற்றிவிட்டு ஓரத்தை லேசாக நெருடிப் பார்க்க வேண்டும். தினமும் செய்ததுதான். நான் தொடுவதைத் தொடுதல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்னொன்றையும் சொன்னீர்கள். அவ்வளவு நேரம் அந்த அறையில் அடைந்து கிடந்தும் நிருபமா ஒரு படத்தின்மேல்கூட விரல் வைக்கவில்லை.

இதில் என் பக்கம் பிழை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். விளக்கைக் கைமேல் காட்டச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதுவும் சாப்பிடுகிற நேரத்தில்.

"இதையும் அப்பிடியே சொல்லவோ?" என்று யோகம் அக்கா கேட்கிறார். சொல்லுங்கள் அக்கா. குறைக்கமாட்டேன் என்றுதானே சொன்னீர்கள்.

கடைசியாக ஒன்று. கதவைச் சாத்தும்போது குழாய் அடைத்திருப்பது ஞாபகம் இருந்ததா என்று அதிகாரி அம்மா கேட்டதற்கு, இல்லை என்றேன். அது பொய் இல்லை. புறப்படுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். வேண்டுமென்றே கொன்றவன் என்று எழுதிவிடாதீர்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை. ரயிலில் போகும்போதுதான் நினைவு வந்தது. லிக்டன்பெல்ஸ் ஸ்டேஷன் தாண்டி மலை ஏறும்போது பெட்டியில் கூட்டம், எல்லார் மூச்சும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடி மூடிக்கொண்டது. எதிரே இருந்த பெண்மணி கைக்குட்டையால் துடைத்தாள். படங்களுக்கு ஈரம் ஆகாதே என்று நினைத்தேன், அதைத் தொடர்ந்து குழாய் ஞாபகம் வந்தது. அப்போது வெள்ளிக்கிழமை மதியம்கூட ஆகவில்லை.

மலைப் பகுதி, சிக்னல் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். சிக்னல் இருந்தது. செல்போனைக் கையில் எடுத்தேன். பீலிக்ஸ் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார். மாற்றுச் சாவி சைக்கிள் கொட்டகையில் இருக்கிறது, கீழே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சொன்னால் போதும். எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பீலிக்ஸ் நல்ல மனிதர், ஆனால் அது தோட்டத்தில் கிழங்கு தோண்டுகிற பருவம். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று கேட்டதுமே, மண் கையோடு அப்படியே என் படங்கள் இருக்கிற அறைக்குள் ஓடியிருப்பார்.